மூன்று ஸ்பீக்கர்களும் இரண்டு சிலேட்டுகளும்

எங்கள் வீட்டுக்கு றேடியோ வந்தபோது அதற்குக் குரல் இருக்கவில்லை.

துறைமுகக் கந்தோர் ஒன்றில் எழுதுவினைஞராக இருந்த ஒருவர், ஜப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்ட பிறகு குடும்பத்தை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிவிட்டு, வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக விற்றுக்கொண்டிருந்தார். அவரிடம் என் கணவர் வாங்கிவந்தது அது. கார் பற்றறியில் ஓடுகிற செட். மரப்பெட்டி, முன்பக்கத்தில் துணி ஒட்டிய வட்ட வாய், இரண்டு குமிழ்கள். பற்றறியைத் தொடுத்துக் குமிழைத் திருகினால் உள்ளே சின்ன விளக்குகள் சிவந்து எரிந்தன. சத்தம் மட்டும் வரவில்லை. காதைத் துணியில் ஒட்டிவைத்தால் எறும்பு தாளில் நடப்பதுபோல ஏதோ கேட்டது. என் கணவர் பின்பலகையைக் கழற்றினார். ஸ்பீக்கர் இருக்கவேண்டிய இடத்தில் ஓர் இரும்பு வளையமும், அதன் விளிம்பில் தொங்கிய கடதாசித் துண்டுகளும்தான் இருந்தன. மீதியை எலி தின்றிருந்தது.

"ஒரு ஸ்பீக்கர் வாங்கினால் சரி" என்றார்.

அது நினைத்த அளவு சுலபமாக இருக்கவில்லை. துறைமுகம் நிறையக் கப்பல்கள் நின்றன. கடைகளுக்குச் சாமான் கொண்டுவருகிற கப்பல் அவற்றில் இல்லை. ஊசியும் சவர்க்காரமுமே தேடி அலைந்த காலத்தில் புது ஸ்பீக்கருக்கு எங்கே போவது?

அப்போது எனக்கு இருபத்துநான்கு வயது. பெண்கள் பாடசாலை ஒன்றில் மூன்றாம் வகுப்புக்குப் படிப்பித்தேன். என் கணவர் கடற்படைக் கப்பல்கள் திருத்துகிற டொக்யாட்டில் ஃபிட்டர். அவருடைய அக்கா, அதாவது என் மச்சாள், புருசனை இழந்தபின் எங்களோடு இருந்தார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. குண்டு விழுந்த கையோடு ஊரே காலியானபோது, நானும் மச்சாளும் வள்ளமேறிக் கொட்டியாரக் குடாவைக் கடந்து கட்டைபறிச்சானில் இருந்த சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டோம். எண்ணெய்த் தாங்கி எரிந்த கரும்புகை குடாவுக்கு இந்தப் பக்கம் நின்ற எங்களுக்கு நாட்கணக்காகத் தெரிந்தது. அவர் வரவில்லை. டொக்யாட் ஆட்களை விடமாட்டார்கள். பாடசாலை திறக்கப்போகிறது என்று ஆள் வந்து சொன்ன பிறகுதான் நாங்கள் திரும்பினோம்.

திரும்பிவந்தபோது அவர் பேசாத மனிதராக இருந்தார். முன்பு வேலையால் வந்ததும் வேலியடியிலிருந்தே கதை தொடங்கும். எந்தக் கப்பலில் என்ன பழுது, எந்தத் துரை எப்படித் திட்டினான் என்று சாப்பாடு முடியும்வரை ஓயாது. இப்போது கேட்டதற்கு "ஓம்" என்பார், இல்லாவிட்டால் சிரிப்பார். அந்த நாளைக் கண்டவர்கள் எல்லாரும் இப்படித்தான் ஆகிவிட்டார்கள் என்று ஊரில் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதனால்தான் அவர் றேடியோவைத் தூக்கிக்கொண்டு வந்தபோது எனக்குச் சந்தோசமாக இருந்தது. மனிதருக்கு ஏதோ ஒன்றில் ஆசை வந்திருக்கிறதே என்று.

கடற்படை கழித்துவிட்ட சாமான்களை ஏலத்தில் எடுத்து விற்கிற கடை ஒன்று கடைத்தெருவின் முடிவில் இருந்தது. கடைக்காரர் கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம் மனிதர், ஐம்பது வயதிருக்கும். அண்ணன் முறைக்கு எல்லாரும் அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். உடைந்த திசைகாட்டி, வாய் ஒடிந்த சுடுநீர்க் குடுவை, கொசுவலை, சப்பாத்து, கம்பிச் சுருள் என்று கடை முழுக்க இறைந்து கிடக்கும். கம்பி வேலை அவருக்கு நன்றாகத் தெரியும். எங்கே பழகினாரோ, ஈயம் உருக்கி ஒட்டுகிற கம்பி எப்போதும் அவருடைய அடுப்பில் சூடாகிக்கொண்டே இருக்கும்.

ஒரு சனிக்கிழமை நாங்கள் இருவரும் போய், சத்தமாகவும் தெளிவாகவும் கேட்கிற ஸ்பீக்கர் ஒன்று, எங்கள் கைக்கு எட்டுகிற விலையில் வேண்டும் என்றோம்.

"ஆர் கேக்கப் போறது?" என்று கேட்டார் காக்கா.

எனக்கு அது அர்த்தமில்லாத கேள்வியாகப் பட்டது. வீட்டில் எல்லாரும்தான் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போய் மூன்றைக் கொண்டுவந்து வைத்தார்.

முதலாவது, கப்பல் தளத்தில் அறிவித்தல் சொல்கிற ஸ்பீக்கர். சாம்பல் நிறப் பூச்சு, பூசணிக்காய் அளவு, இரண்டு கையாலும் தூக்கவேண்டிய பாரம். இரண்டாவது, ஏதோ வாகனத்திலிருந்து கழற்றியது. கறுப்புக் கடதாசிக் கூம்பு, பின்னால் கனத்த காந்தம், பெட்டி கிடையாது. மூன்றாவதை நான் ஸ்பீக்கர் என்றே நினைக்கவில்லை. ஊமத்தம்பூ வடிவத்தில் ஒரு கறுத்த தகரக் குழல். காக்கா அதால் போத்தல்களுக்கு மண்ணெண்ணெய் வார்த்துக்கொண்டிருந்தார். துணியால் துடைத்து, மூலையில் கிடந்த வட்டமான அடிப்பாகம் ஒன்றைத் தேடியெடுத்து அதன்மேல் திருகினார். முந்தின காலத்து றேடியோக்களுக்கு இப்படித்தான் ஸ்பீக்கர் தனியாக இருந்ததாம். வட்டத்துக்குள் ஒரு மெல்லிய இரும்புத் தகடு துடிக்கும், குழல் அதைப் பெருப்பித்து வெளியே விடும்.

"ஒவ்வொண்டாக் கொண்டு போய்க் கேட்டுப் பாருங்க. புடிச்சதை வச்சிக்கிட்டு மத்ததைத் தாங்க" என்றார். டீச்சர் எங்கே ஓடிவிடப்போகிறார் என்று சொல்லிச் சிரித்தார்.

என் கணவர் கப்பல் ஸ்பீக்கரைத்தான் முதலில் தூக்கினார். பெரியது, கடலில் காற்றுக்கும் அலைக்கும் மேலால் கேட்டது, வீட்டுக்குள் இடிபோல முழங்கும் என்று எனக்கும் தோன்றியது. மச்சாள் கோழிகளைக்கூடத் தூரமாகத் துரத்திவிட்டார். என் கணவர் கம்பிகளைத் தொடுத்து, பற்றறியை இணைத்து, குமிழை மெதுவாகத் திருகினார். பிறகு இன்னும் திருகினார். கடைசிவரை திருகினார். அந்தப் பூசணிக்காய் அடித்தொண்டையால் முணுமுணுத்தது. பக்கத்தில் இருந்து சாமி கும்பிடுகிறவரின் வாய்க்குள் கேட்கிற சத்தம் அளவுக்குத்தான்.

எனக்கு ஏமாற்றத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். இவ்வளவு பெரிய வாய்க்கு இவ்வளவு சின்னச் சத்தம் எப்படி? திங்கட்கிழமை பாடசாலை விட்டதும் நேரே கடைக்குப் போய்க் கேட்டேன். கப்பலில் அதற்குப் பின்னால் அலுமாரி அளவு யந்திரம் நின்று பலம் கொடுக்கிறது, எங்கள் செட் கொடுக்கிற பலம் அதன் கடைவாய்க்கும் காணாது என்றார் காக்கா. சத்தம் ஸ்பீக்கரில் இருக்கிறது என்றே நான் அதுவரை நினைத்திருந்தேன். செட்டையும் ஸ்பீக்கரையும் சோடி பார்க்கவேண்டும் என்பது அன்று தெரிந்தது.

அடுத்து கடதாசிக் கூம்பு. மேசையில் மல்லாத்தி வைத்துத் தொடுத்தபோது அதுவும் சப்பென்றுதான் இருந்தது. போத்தலுக்குள் அகப்பட்ட ஈ போல. ஆனால் கூம்பைத் தொட்டால் விரல்நுனி கூசியது. உள்ளே பலம் இருக்கிறது, வெளியே வரத்தான் வழியில்லை என்று எனக்குப் பட்டது. தண்ணீர்க் குடம் ஒன்று வெறுமையாக இருந்தது. கூம்பை அதன் வாயில் கவிழ்த்துப் பார்த்தேன். சத்தம் திடீரென்று பெருத்து வீடு அதிர்ந்தது. குசினியிலிருந்து மச்சாள் கரண்டியோடு வந்து பார்த்தார்.

"பிள்ளை, ஆர் கிணத்துக்குள்ள விழுந்தது?" என்று கேட்டார்.

உண்மைதான். பாட்டா செய்தியா என்றே பிரிக்க முடியவில்லை. சத்தம் கூடினால் தெளிவும் கூடும் என்ற என் இரண்டாவது எண்ணமும் அங்கே உடைந்தது. காக்காவிடம் மறுபடி போனேன். அவருக்கு என் கேள்விகள் பிடித்துப்போயிருந்தன என்று நினைக்கிறேன். கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு ஒரு மட்டையை எடுத்து, நடுவில் கத்தியால் வட்டம் வெட்டி, என் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். கூம்பின் முன்பக்கச் சத்தமும் பின்பக்கச் சத்தமும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன, நடுவே பலகை நின்றால் தின்ன முடியாது என்றார். எனக்கு அது முழுதாக விளங்கவில்லை. ஆனால் பலகை வேண்டும் என்பது விளங்கியது.

வீட்டில் தேயிலைப் பெட்டி ஒன்று இருந்தது. மெல்லிய ஒட்டுப்பலகை, விளிம்பெல்லாம் தகரப் பட்டி. என் பாடசாலைப் புத்தகங்களை அதில்தான் வைத்திருந்தேன். அவற்றைக் கட்டிலில் கொட்டினேன். என் கணவர் கவராயத்தால் கீறி, சின்ன வாளால் ஒரு பக்கத்தில் துல்லியமான வட்டம் வெட்டி, கூம்பை உள்ளிருந்து திருகாணியால் பூட்டினார். அந்த வேலையைச் செய்யும்போது அவருடைய முகம் பழைய முகமாக இருந்தது.

அன்று மாலை திருச்சிராப்பள்ளியிலிருந்து நாகசுரம் வந்தது. மச்சாள் அடுப்பை விட்டுவிட்டு வந்து நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். தவில் தனியாக, நாகசுரம் தனியாக, சுருதி தனியாகக் கேட்டது. எனக்குத் தேகம் புல்லரித்தது. இதுதான் எங்கள் ஸ்பீக்கர் என்று அந்த நிமிசமே முடிவு செய்துவிட்டேன். அவரைப் பார்த்து எப்படி என்று கேட்டேன். "ஓம், நல்லம்" என்றார்.

அந்த "நல்லம்" என்னை உறுத்தியது. கப்பல் ஸ்பீக்கருக்கும் அவர் அதைத்தான் சொன்னார். குடத்துக்கும் அதையேதான் சொன்னார். பிடித்திருக்கிறதா, எனக்காகச் சொல்கிறாரா? மூன்றாவதாகக் குழல் வேறு இன்னும் கேட்காமல் கிடந்தது. எதையும் சரியாக ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும் என்பது என் பழக்கம். என் வகுப்பில் ஒரு பிள்ளை பாடத்தைக் கவனித்ததா என்று அறிய நான் என்ன செய்வேன்? சொல்வதெழுதுதல் வைப்பேன்.

அடுத்த நாள் இரண்டு சிலேட்டுகளை எடுத்துக்கொண்டு வந்தேன். கொழும்பிலிருந்து மாலைத் தமிழ்ச் செய்தி வாசிக்கும்போது நாங்கள் இருவரும் காதில் விழுகிற சொற்களை எழுதவேண்டும், ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் எத்தனை சொல் பிடிபடுகிறது என்று பார்ப்போம், கூடப் பிடிபடுவது எதுவோ அதை வாங்குவோம் என்றேன். இது நல்ல விளையாட்டு என்று மச்சாளும் சேர்ந்துகொண்டார். அவருக்கு எழுத வராது. குசினியில் நின்று, அங்கே கேட்கிற செய்தியை மனத்தில் வைத்துப் பிறகு சொல்வதாக ஏற்பாடு. என் கணவர் மட்டும் தயங்கினார். வேலைக் களைப்பு என்றார். நான் சிலேட்டைக் கையில் திணித்தேன்.

தேயிலைப் பெட்டி கணீரென்று செய்தி வாசித்தது. நான் குனிந்து மளமளவென்று எழுதினேன். முடிந்ததும் அவருடைய சிலேட்டை எட்டிப் பார்த்தேன். பன்னிரண்டு சொற்கள் இருந்தன. அவற்றில் சில: "கடைகள் முன்னேறின." "தீனிப் பங்கீடு."

நான் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. றேடியோ படைகள் என்றது, சீனி என்றது. பகிடிக்கு எழுதினார் என்று நினைத்துத் தலையை நிமிர்த்தினேன். அவர் உள்ளங்கையால் சிலேட்டை அழித்துக்கொண்டிருந்தார். காதுமடல்வரை முகம் சிவந்திருந்தது.

"இஞ்ச பாருங்கோ" என்றேன். அவர் நிமிரவில்லை. இன்னொரு தரம் சொன்னேன். நிமிரவில்லை. முழங்கையைத் தொட்டபோதுதான் பார்த்தார்.

செய்தி முடிந்து ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மச்சாள் குசினி வாசலில் நின்று, சீனிக்குக் கூப்பன் என்று தனக்குக் கேட்டதைச் சொல்லத் தொடங்கி, எங்கள் முகங்களைக் கண்டு நிறுத்திவிட்டார். நான் றேடியோவை நிறுத்தினேன்.

"எப்ப இருந்து?" என்று கேட்டேன், அவர் முகத்தைப் பார்த்து.

"குண்டு விழுந்த அண்டையில இருந்து." சிலேட்டைக் கீழே வைத்துவிட்டு, "சத்தம் கேக்குது. சொல்லுத்தான் கேக்கேல்ல" என்றார்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அன்று பட்டறைக்குப் பக்கத்திலேயே விழுந்ததாம். இரண்டு நாள் காதுக்குள் மணி அடித்துக்கொண்டே இருந்ததாம். மணி ஓய்ந்தபோது கூடவே வேறு சிலதும் ஓய்ந்திருந்தன. சில்வண்டுச் சத்தம் இல்லை. என் காப்புச் சத்தம் இல்லை. கதைக்கிறவர்களின் குரல் வருகிறது, ஆனால் எல்லாச் சொல்லும் நனைந்த கடதாசியில் எழுதினதுபோலக் கரைந்து வருகிறது. வாயைப் பார்த்துப் பாதி பிடிப்பாராம், மீதியை ஊகிப்பாராம். ஊகிக்க முடியாதபோது "ஓம்" என்பாராம். றேடியோ வாங்கியதும் அதற்காகத்தான். நல்ல சத்தமாகப் பாடுகிற ஸ்பீக்கர் ஒன்று இருந்தால் காது திரும்பப் பழகிக்கொள்ளும் என்று ஒரு நம்பிக்கை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். டொக்யாட்டுக்குத் தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றார். பிறகு, சொல்லலாமா விடலாமா என்று யோசிப்பதுபோல அக்காவை ஒரு தரம் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"போன மாதம் கிறேனில தொங்கின தகடு என்ர தலைக்கு மேலால போனது. எல்லாரும் கத்தினவங்களாம். ஒருத்தன் ஓடி வந்து இழுத்தபடியாத்தான் இருக்கிறன்."

மச்சாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார். எனக்கு முதலில் வந்தது கோபம். அதன் பிறகு வந்ததை என்ன பெயர் சொல்லி அழைப்பது என்று தெரியவில்லை. இத்தனை மாதமும், இவருக்கு என்னோடு கதைக்கப் பிடிக்கவில்லை என்று நான் மனத்துக்குள் வழக்குப் பேசிக்கொண்டிருந்தேன். மச்சாளிடம் முறையிட்டும் இருக்கிறேன். அவரோ என் வாயையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

மறுநாள் முழுக்க வகுப்பில் எனக்கு ஒரே யோசனை. படைகள் எப்படிக் கடைகள் ஆயின? சீனி எப்படித் தீனி ஆனது? நீட்டமும் குறுக்கமும் அவருக்குச் சரியாகக் கேட்டிருந்தன. முதலெழுத்தின் மெய்தான் மாறியிருந்தது. பிள்ளைகள் கணக்குச் செய்துகொண்டிருக்க, நான் சன்னலடியில் நின்று ப என்றும் க என்றும் ச என்றும் த என்றும் எனக்குள் சொல்லிப் பார்த்தேன். குரல் தொண்டையில் பிறக்கிறது. அதைச் சொல்லாக வெட்டுவது உதடும் பல்லும் நாக்கு நுனியும். அந்த வெட்டுச் சத்தம் எவ்வளவு சின்னது என்று படிப்பிக்கத் தொடங்கி மூன்று வருடத்தில் நான் கவனித்ததே இல்லை. அதுதான் அவருக்குப் போய்விட்டது.

மாலையில் கடைக்குப் போய்க் காக்காவிடம், நீங்கள் அன்று கேட்ட கேள்விக்கு நான் தந்த பதில் பிழை என்றேன். விசயத்தைச் சொன்னேன். வேறு யாரிடமும் சொல்லவேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். அவர் கையிலிருந்த கம்பியை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"பெட்டி அடித் தொண்டைச் சத்தத்தை ஊதிப் பெருக்கும், டீச்சர். உங்களுக்கு அது இனிப்பு. அவருக்கு அது மத்தச் சத்தத்தை மூடிப் போடும். நீங்க இன்னும் அந்தக் குழலைக் கேக்கல்ல தானே" என்றார்.

நான் குழலைத் தவிர்த்துக்கொண்டுதான் இருந்தேன். அழகில்லை, மண்ணெண்ணெய் வேறு மணத்தது. அன்று சாம்பலும் தேசிக்காய்த் தோலும் போட்டுக் கழுவித் துடைத்துத் தொடுத்தோம். வந்த சத்தத்தைக் கேட்டு மச்சாள் முகத்தைச் சுழித்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டு கதைக்கிறவன் குரல். நாகசுரம் வந்தபோது அது நாகசுரமா, தகரத்தில் ஆணி கீறுகிறார்களா என்று சந்தேகமாக இருந்தது. தவில் இருந்த இடமே தெரியவில்லை. ஆனால் என் கணவர் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அடிப்பாகத்தின் பின்னால் ஒரு சின்னத் திருகாணி இருந்தது. அதை இறுக்கினால் சத்தம் மெலிந்தது, தளர்த்தினால் தகடு கடகடத்தது. இரண்டுக்கும் நடுவே எங்கோ ஓரிடம் இருந்தது. அவர் ஒரு கையின் விரல்நுனியைக் குழலின் கழுத்தில் வைத்துக்கொண்டு, மறுகையால் நெல்லின் பருமனுக்குத் திருகினார், காத்திருந்தார், மறுபடி திருகினார். யந்திரம் சீர்பார்க்கிற கை அது. செய்தி தொடங்கும்போது கையை எடுத்துவிட்டார். நான் சிலேட்டை நீட்டினேன். இந்தத் தரம் அவரும் தயங்காமல் வாங்கிக்கொண்டார்.

முடிந்ததும் சிலேட்டை அவரே என் பக்கம் திருப்பினார். முன்பக்கம் நிறைந்து பின்பக்கமும் எழுதியிருந்தார். பிழைகள் இருந்தன. ஊர்ப் பெயர்கள் எல்லாம் தப்பு. அவை எனக்கும் தப்பு, ரஷ்ய ஊர்ப் பெயர்கள். ஆனால் அரிசி அரிசியாகவும், படை படையாகவும் இருந்தன. முன்னைய நாளைப்போல இரண்டு மடங்குக்கு மேல் சொற்கள். நான் ஆசிரியைப் பழக்கத்தில் ஒவ்வொன்றின் மேலும் சரி போட்டுக்கொண்டு வந்தேன். பாதியில் கண்ணீர் மறைத்துவிட்டது.

"என்ன, சோதனையில சித்தியோ?" என்று கேட்டார்.

"சித்தி" என்றேன்.

நான்கு நாள் இரண்டையும் மாற்றி மாற்றிச் சோதித்தோம். ஒரு நாள் முடிவை நம்பி வாங்க எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு முறையும் எனக்குப் பெட்டி முந்தியது, அவருக்குக் குழல் முந்தியது. குசினியில் நின்ற மச்சாளுக்கும் குழலின் சொற்கள்தான் சுவர் தாண்டி வந்தன. பெட்டியிலிருந்து அங்கே ஓசைதான் வந்ததாம். எங்களால் ஒன்றைத்தான் வாங்க முடியும். கடைசியில் தேயிலைப் பெட்டியிலிருந்து கூம்பைக் கழற்றியது நான்தான். அவர் வேண்டாம் என்றார், உமக்குப் பிடித்ததையே வைப்போம் என்றார். நான் கேட்கவில்லை. ஆனால் கொண்டுபோய்க் கொடுக்கும்போது மனம் கனத்தது என்பதை மறைக்கமாட்டேன். தவிலை நான் பிறகு வெகுகாலம் கோயில் திருவிழாவில்தான் கேட்டேன். குழலுக்குக் காக்கா சொன்ன விலை மிகக் குறைவு. எண்ணெய் வார்க்கப் புனல் ஒன்று வாங்கித் தந்துவிட்டால் காணும் என்று பகிடி விட்டார். பெட்டியில் மிஞ்சிய வட்ட ஓட்டை வழியே கோழி ஒன்று உள்ளே போய் முட்டையிடப் பழகிவிட்டது.

டொக்யாட் விசயம்தான் பாரமாக மிஞ்சியிருந்தது. கிறேன் போகிற இடத்தில் நிற்கிற மனிதருக்கு வீட்டில் றேடியோ கேட்டு என்ன பயன்? நானும் மச்சாளும் இரண்டு நாள் மன்றாடினோம். மூன்றாம் நாள் அவரே துரையிடம் போய்ச் சொன்னார். இரவு முழுக்க எழுதிப் பாடமாக்கிய ஆங்கிலத்தில். அன்று அவர் வரும்வரை நான் வேலியடியில் நின்றேன். வேலையை விட்டு நிறுத்தவில்லை. அரம், உளி போன்ற ஆயுதங்கள் தீட்டிச் சீர்செய்து கொடுக்கிற அறைக்கு மாற்றியிருந்தார்கள். அங்கே கிறேனும் இல்லை, சம்மட்டி அடியும் இல்லை. சம்பளம் சிறிது குறைந்தது. ஆஸ்பத்திரி டொக்டர் பார்த்துவிட்டு, போன காதுக் கேள்வி திரும்பாது, இருக்கிறதைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னார். அதைக் கேட்டு மச்சாள்தான் அழுதார். என் கணவருக்கு அது முன்பே தெரிந்திருந்தது போலிருந்தது.

குழலின் மூக்குக் குரல் மூன்று வீடு தாண்டிக் கேட்கும். மாலைச் செய்திக்கு அயலவர்கள் வேலியடியில் வந்து நிற்பார்கள். மூதூர் லோஞ்சுப் படகுக்குப் போகிறவர்கள்கூட நின்று, அரிசி விசயம் ஏதும் சொன்னார்களா என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

நான் கற்றுக்கொண்டதோ றேடியோவுக்கு வெளியே இருந்தது. அவருக்குச் சொல்லவேண்டியதைக் கத்திச் சொன்னால் குரல்தான் பெருக்கும், சொல் பெருக்காது. எதிரே நின்று, முகத்தில் வெளிச்சம் விழ, ஒவ்வொரு சொல்லையும் உதட்டால் முடித்துச் சொன்னால் சாதாரணக் குரலே போதும். அப்போதுதான் இன்னொன்றும் விளங்கியது. விமானத்துக்குப் பயந்து சன்னலுக்கெல்லாம் கறுப்புத்தாள் ஒட்டி, திரி தாழ்த்திய ஒற்றை விளக்கில்தான் நாங்கள் இரவுச் சாப்பாடு சாப்பிடுவோம். அந்த இருட்டில் எங்கள் வாய்கள் அவருக்குத் தெரியவில்லை. நாங்கள் கதைத்தோம், அவர் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்துச் சாப்பிட்டார்.

மச்சாளிடம் சொல்லிச் சமையலை முன்னுக்குத் தள்ளினோம். பொழுது இருக்கும்போதே பின்விறாந்தையில் பாய் விரித்துச் சாப்பிடத் தொடங்கினோம். ஊர் விளக்கேற்றுமுன் எங்கள் கோப்பைகள் கழுவியாகிவிடும். அயலில் இதைப் பார்த்துச் சிரித்தார்கள். முதல் இரண்டு மூன்று நாள் நாங்கள் கேட்டோம், அவர் பதில் சொன்னார். பிறகு ஒரு நாள், ஆயுத அறைக்கு வந்த வெள்ளைக்காரப் பையன் ஒருவன் அரத்தைக் கேட்டுக் கையால் காட்டிய அபிநயத்தை, எழுந்து நின்று செய்து காட்டத் தொடங்கினார். பிறகு அவனுடைய துரை. பிறகு துரையின் நாய். மச்சாள் சிரித்துச் சிரித்துப் புரையேறி, மீன்குழம்பு ஆறுகிறது, இருந்து சாப்பிட்டுவிட்டுச் சொல்லு தம்பி என்று கையைப் பிடித்து இழுத்தார். அவர் அதைக் கேட்டாரோ கேட்காதமாதிரி இருந்தாரோ தெரியாது, கதையை விடவில்லை.